முத்துக்கே விளம்பரம் வேண்டியிருந்தது!

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று கேட்டுவிட்டு வாளாவிருக்கும் வணிகப் பெருமக்கள் மன்னார்த் தீவிலே மலிந்துள்ளனர். பொருள் நல்லதாயின் ஆள் தானே வரும் என்பது அவர்தம் வாதம்.

அவர்களை மறிச்சுக்கட்டிக் கரைக்கு அழைக்கின்றோம். 1905 ஆம் ஆண்டு அங்கே நடந்த முத்துக்குளிப்பிலே 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. உலகறிந்த முத்து! ஆயினும் குளிப்பு நடைபெறும் என்ற அறிவித்தலை ஆங்கில அரசு இலங்கையிலும் இந்தியாவிலும் முன்கூட்டியே பரப்பிற்று. அதன் பின்னரே வணிகர் திரண்டனர். மூச்சடக்கி மூழ்கியவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கும் அரசுக்கு! மறுவருடமே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் சென்றன. கடல் நமது, சந்தையின் வாயிலோ பிறர் கையில்.

இன்று நிலை மாறிவிட்டதா? 1990 இல் அறுந்த தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015 மார்ச் 14 ஆம் நாள் இந்தியப் பிரதமர் முன்னிலையில் மீண்டும் திறக்கப்பட்டது. இராமர் அணையையும் பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் வங்காலைப் பூநாரைகளையும் காண மக்கள் வருகின்றனர். வருகின்றவன் மூக்கைக் கொண்டா உணவுக் கடையைத் தேடுகின்றான்? கைத்தொலைபேசியைக் கொண்டன்றோ தேடுகின்றான்! படத்திலே இல்லாத கடை அவனளவிலே பாரிலேயே இல்லாத கடை. தங்குமிடம் வைத்திருப்போர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அயல்நாட்டு முன்பதிவுத் தளங்கள் ஆள் பிடித்துத் தந்து, நூற்றுக்கு 15 என்ற அளவிலே தரகு கொள்கின்றன. மூழ்குகின்றவனுக்கு எவ்வளவு என்ற பழைய கணக்குத்தான்!

கூகுள் வரைபடத்திலே கடையைப் பதிவதற்கு ஒரு சதமும் வேண்டியதில்லை. பெயர்ப்பலகையையும் கடையின் உள்ளையும் காணொளியாகக் காட்டச் சொல்வார்கள். ஆதலின் பலகை இல்லாதார் முதலில் பலகை எழுதுக. பெயரைத் தமிழில் மட்டும் எழுதிவிட்டு அமர்தல் போதாது. மடு மாதாவைத் தேடி வருவோரிலே சிங்களம் பேசுவோர் எத்துணையர்! அவர்கள் தம் எழுத்திலேதான் தேடுவார்கள். மும்மொழியிலும் பெயர், திறக்கும் நேரம், மெய்யான விலை, நேற்று எடுத்த படம் — இவை போதும். வட்ஸ்அப்பிலே பொருட்பட்டியல் இடவும் கட்டணமில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வோம். கணக்கின் சாவி உரிமையாளர் கையில் இருக்கவேண்டும். எம் உறவினர் ஒருவரின் விடுதிக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்த தம்பி கனடா சென்றான். கடவுச்சொல்லும் அவனோடு விமானம் ஏறிற்று! வழக்கற்றுப் போன தொலைபேசி எண்ணே இன்றும் அங்கே காட்சி தருகின்றது. மாற்றான் திண்ணையும் நிலையன்று. கூகுள் இலவசமாக அளித்த சிறு இணையத்தளங்களை 2024 மார்ச்சிலே அந்நிறுவனமே மூடிவிட்டது. ஆதலின் வாடிக்கையாளரின் எண்களை நம் குறிப்பேட்டிலும் எழுதி வைப்போமாக.

கட்டுக்கரைக்குளத்து நீரில் விளைந்த நெல் பெயரற்ற மூட்டையாகப் போகின்றது. பேசாலைக் கருவாடு புறக்கோட்டையை அடைந்ததும் புறக்கோட்டைக் கருவாடாகி விடுகின்றது. விளைவித்தவனின் பெயரும் எண்ணும் பொதியிலே அச்சேறினாலன்றோ மறுமுறை அவனையே தேடி வருவார்கள்! படித்த தமிழரே, பூநாரையைப் படமெடுத்து முகநூலில் இடுகின்றீர். அன்று நீர் சோறுண்ட கடையின் பெயரையும் இட்டால் விரல் தேய்ந்தா போகும்?

மன்னார் நகர சபையையும் பிரதேச சபைகளையும் ஒன்று கேட்கின்றோம். வியாபார உரிமக் கட்டணம் வாங்கும்போது கடைகளின் பட்டியல் உங்கள் கையிலே இருக்கின்றது. சிங்களமும் ஆங்கிலமும் அறிந்த நான்கு இளைஞரை அப்பட்டியலோடு கடை கடையாக அனுப்புங்கள். உரிமையாளரின் தொலைபேசியிலேயே பதிவு நடக்கட்டும். மடுவின் ஓகஸ்ட் திருவிழாவுக்கு முன் முடித்துக் காட்டுங்கள்.