பெருங்குடலுக்கும் பசிக்கும்!

பெருங்குடலுக்குப் பசிக்குமா?
வேடிக்கையான கேள்வியா இருக்குல்ல.. ஆனா பதில் "ஆமாம்".

சில அறுவை சிகிச்சைகளில் மலம் கீழே இறங்காதபடி, வயிற்றில் ஒரு திறப்பு வைத்து வெளியே பையில் சேரும்படி செய்வார்கள். அதற்குக் கீழே இருக்கும் பெருங்குடலுக்கு வேலையே இல்லை. முழு ஓய்வு.

ஓய்வு கிடைச்சா நல்லாத்தானே இருக்கணும்?
இல்லை. பலருக்கு அந்தப் பகுதி சிவந்து புண்ணாகிவிடும். சிலருக்கு சளியும் ரத்தமும் கூட வரும். குடலை மீண்டும் இணைத்து, மலம் பழையபடி வந்து போனதும் பெரும்பாலும் ஆறிவிடும்.

ஏன் இப்படி?

நம் பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் சுமார் 60-70 சதவிகிதத்தை பியூட்டிரேட் என்ற சின்ன கொழுப்பு அமிலத்தில் இருந்து எடுக்கின்றன. அதைத் தயாரிப்பது நாம் இல்லை, குடலில் வாழும் பாக்டீரியாக்கள். அதற்கான முக்கிய மூலப்பொருள், நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து.

நமக்குச் செரிக்காதது அவற்றுக்குச் சாப்பாடு. அவை வெளியேற்றுவது நம் குடலுக்குச் சாப்பாடு. அவ்வளவுதான் கணக்கு.

இந்த பியூட்டிரேட் உட்சுவரை உறுதியாக வைக்கிறது. அழற்சியை அடக்குகிறது. ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைக் குறைப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு.
கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் பித்தமும் அதிகம் சுரக்கும். அதில் ஒரு பங்கு பெருங்குடல் வரை வந்து சேரும். அங்கே பாக்டீரியாக்கள் அதை டீஆக்சிகோலிக் அமிலம் போன்ற பொருட்களாக மாற்றும். இவை அதிகமானால் உட்சுவர் செல்களைச் சேதப்படுத்தும்.

தொழிற்சாலை ஒண்ணுதான். நாம அனுப்புற சரக்கைப் பொறுத்து வெளியே வருவது மாறுது.

இதை மனிதர்களிடமே சோதித்தார்கள். 2015இல் வெளியான ஆய்வு.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். பெருங்குடல் புற்றுநோய் அதிகம் வரும் சமூகம்.
தென்னாப்பிரிக்க கிராமங்களில் 20 பேர். அங்கே இந்த நோய் மிக அரிது.

2 வாரங்களுக்கு உணவை மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து தினம் சுமார் 14 கிராமில் இருந்து 55 கிராமாக உயர்ந்தது, கொழுப்பு குறைந்தது. கிராமத்தவர்களுக்கு பர்கர், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் என எல்லாம் தலைகீழ்.

முடிவு?
அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் சுமார் இரண்டரை மடங்கு கூடியது. அழற்சியும் செல்கள் வேகமாகப் பெருகுவதும் குறைந்தன. கிராமத்தவர்களுக்கு அப்படியே எதிர்மாறு. வெறும் 2 வாரத்தில்!

2 வார ஆய்வு "புற்றுநோய் தடுக்கப்பட்டது" என்று நிரூபிக்காது. நார்ச்சத்து, கொழுப்பு இரண்டும் மாறியதால் முழுப் பெருமையும் நார்ச்சத்துக்கு மட்டும் அல்ல. ஆனா குடல் எவ்வளவு சீக்கிரம் நம்ம தட்டுக்கு பதில் சொல்லுதுன்னு இது காட்டுது.

இனி என் கருத்து.

"குடலுக்கு நல்லது" என்று புரோபயாடிக் பாட்டிலையும் குடல் சுத்தம் செய்யும் பவுடரையும் காசு கொடுத்து வாங்குகிறோம். ஏற்கனவே உள்ளே இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்குச் சோறு போட மறந்துவிடுகிறோம். விருந்தாளியை அழைத்துவிட்டு அடுப்பே மூட்டாத கதை இது.

மாவுச்சத்தைக் குறைக்கிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். ஆனா காய், கீரையையும் சேர்த்து ஓரங்கட்டிடாதீங்க.

பெரியவர்களுக்கு தினம் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
ஒரு கிண்ணம் சுண்டல், கீரை, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, தோலோடு கொய்யா.. இதெல்லாம் நம்ம வீட்டுல இருக்கறதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். குடல் சுருக்கம், தீவிர குடல் அழற்சி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகு மாற்றுங்கள்.

கடைசியா ஒண்ணு.
மலத்தில் ரத்தம் வந்தா "மூலம்தான்"னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறினாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். வயது குறைவுன்னு தள்ளிப் போடாதீங்க. எந்தக் கீரையும் கொலனோஸ்கோப்பிக்கு மாற்று இல்லை.

இன்னைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது தட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்க:
"இதுல பெருங்குடலுக்கு என்ன இருக்கு?"