குட்டை முடி நாய்க்கும் பிரஷ் வேண்டும்

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாமே குட்டை முடி நாய்கள். "இதுக்குப் போய் பிரஷ்ஷா சார்?" என்று கீழவாஞ்சூரில் சிரிக்கிறார்கள். வாரம் ஒரு முறை வேண்டும் என்பது என் கட்சி. முடி கொட்டும் காலத்தில் இரு முறை. கம்பி பிரஷ் தோலைக் கீறும், ரப்பர் பிரஷ் போதும். (பிரெஞ்சில் படித்த எனக்கு அது இன்னும் 'பிரோஸ்'தான்.)

ஆனால் உண்ணி வாரக் கணக்குப் பார்த்து வருவதில்லை. காது மடல், கழுத்துப் பட்டையின் அடி, விரலிடுக்கு என்று தினமும் கையால் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் முற்றினால் ரத்தத் தட்டணுக்கள் குறையும், மூக்கில் ரத்தம் வரும்; நல்ல நாய்கள் அப்படியே போய்விடுகின்றன. 2005-இல் தபால் தலையில் ஏறிய ராஜபாளையத்தையும் உண்ணி விடாது.

தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். வாஞ்சூரில் வேறு சரக்குக்குப் பஞ்சமில்லை என்றாலும், இதற்கு மருந்துக்கடை ஸ்பிரிட்டே மேல்.