சைக்கிள் இலவசமா, முதலீடா?

போன வாரம் எங்கள் பி.காம் வகுப்பில் ஒரு விவாதம். இலவசங்கள் நாட்டைக் கெடுக்கின்றனவா என்பது தலைப்பு. ஒரு நண்பர் எழுந்து, "சைக்கிள் குடுத்தா ஓட்டு விழும், அவ்ளோதான்" என்றார். ஒரே கைதட்டல். நானும் தட்டினேன்.

இப்போது வெட்கமாக இருக்கிறது. ப்ளஸ் டூ படிக்கும்போது ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி நான் டியூஷன் போனது அரசு கொடுத்த சைக்கிளில்தான். அதிலிருந்த அரசு முத்திரையை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தவளும் நான்தான் :-)

அன்று சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவுக்குச் சொந்த ஊர் விராலிமலைப் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதனாலென்ன என்று ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், நர்ஸுகள், டீச்சர்கள்... 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாக பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அம்மாவும் அந்த நாட்களில்தான் வாடகை சைக்கிளில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு பக்கத்து ஊருக்குப் போக அண்ணனுக்காகக் காத்திருக்கவில்லையாம்.

கேலி இல்லாமலா? இருந்தது. அது நம்மூர்ப் புத்தி மட்டுமில்லை. 1897இல் கேம்பிரிட்ஜில், பெண்களுக்குப் பட்டம் தரக்கூடாது என்று போராடிய மாணவர்கள், சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பெண் பொம்மை ஒன்றைத் தெருவில் தொங்கவிட்டார்கள். பட்டத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? யாரையும் கேட்காமல் கிளம்பிப் போகிற பெண்தான் அவர்களுக்குப் பிரச்சினை.

சரி, கணக்குக்கு வருவோம். முதலினச் செலவு, வருவாயினச் செலவு வித்தியாசத்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே படித்தோமே? பல வருஷம் பலன் தருவது முதலினச் செலவு. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அதை அளந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடினார்கள். அதுவும் பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். இதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

இலவச சைக்கிளை விற்றவர்கள் உண்டு, துருப்பிடிக்க விட்டவர்களும் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். அரசியல்வாதிக்கு ஓட்டுக் கணக்கும் உண்டு. புதுக்கோட்டையில் சைக்கிளோடு பயிற்சியும் கடனும் இயக்கமும் இருந்தன. மற்ற இடங்களில் அது குறைவு என்று திட்டுங்கள், சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் கார் போக மேம்பாலம் கட்டினால் வளர்ச்சி, ஒரு பெண் பள்ளிக்கூடம் போக சைக்கிள் கொடுத்தால் இலவசமா? இரண்டும் நம் வரிப்பணம்தானே!

அந்த ஸ்டிக்கரை நேற்று கிழித்துவிட்டேன். அடுத்த விவாதத்தில் கைதட்ட மாட்டேன், எழுந்து பேசுவேன். நண்பரே, பதில் தயாரா?