வேண்டாத சோதனை

பாடம் தொடங்குமுன், கூரை உண்டா, தரை உண்டா, கரும்பலகை உண்டா என்று தினந்தோறும் சோதித்த பின்னரே புத்தகத்தைத் திறக்கும் உபாத்தியாயர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் கம்ப்யூட்டர் உலகின் மேதாவிகள் பலர் இதைத்தான் செய்து வருகிறார்கள்.

‘ஸி’ மொழியில் எழுதிய புரோகிராமை இயங்கும் வடிவாக்குமுன், ‘கான்பிகர்’ என்னும் கட்டளைத் தொகுப்பு இயந்திரத்தைச் சோதிக்கும். பல வினாக்களுக்கு ஒரு சிறு புரோகிராமை எழுதி, அது கம்பைல் ஆகிறதா என்று பார்க்கும். யூனிக்ஸ் இயந்திரங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லாத காலத்தில் இது அவசியமாயிருந்தது. 1991-ம் வருஷத்தில் டேவிட் மெக்கென்ஸி ‘ஆட்டோகான்ப்’ என்ற கருவியை ஆக்கியதும் இதற்காகவே. ஆனால் 1989-லேயே ‘ஸி’ மொழிக்குத் தரநிர்ணயம் வந்துவிட்டது. அது விதித்த பொதுக் கோப்புகள் இன்று சாதாரணக் கம்ப்யூட்டர் அனைத்திலும் உள்ளன. அவற்றைத் தேடும் பழைய சோதனை புதிய புரோகிராம்களுக்கு வேண்டுவதில்லை என்று ஆட்டோகான்ப் கைப்புத்தகமே கூறுகிறது. எனினும் சோதனை நிற்கவில்லை.

“இருந்துவிட்டுப் போகட்டுமே, சோறா கேட்கிறது?” என்பார் உளர். காலத்தைக் கேட்கிறது, அதைவிட, நம் கவனத்தைக் கேட்கிறது. நூற்றுக்கணக்கான சோதனைகள் ஓடும்போது எவரும் அவற்றைப் படிப்பதில்லை. படிக்காத இடம் கள்வனுக்கு வசதி.

‘எக்ஸ்ஸெட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் புரோகிராம். லினக்ஸ் இயந்திரங்களில் பரவலாகப் புழங்குவது. இரண்டாண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், 2024 பிப்ரவரியில் அதன் சோதனையொன்றில் ஒரே ஒரு புள்ளியை நுழைத்தார். அப்புள்ளியால் சோதனைப் புரோகிராம் எங்குமே கம்பைல் ஆகாது. ‘லாண்ட்லாக்’ என்னும் பாதுகாப்பு வசதி இருந்தாலும் ‘இல்லை’ என்றே விடை வரும். காவல் சத்தமின்றி நீங்கிவிடும். கள்ளவழி திறக்கும் வேறொரு துணுக்கும் இத்தகைய சோதனைக் கோப்புகளின் நடுவிலேயே ஒளிந்திருந்தது. தொலைவிலுள்ள இயந்திரத்தில் நுழைய அரை விநாடி அதிகமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர், மார்ச் 29-ந் தேதி அச்சூழ்ச்சியை வெளிப்படுத்தினார்.

ஆகவே வேண்டாததை நீக்குவதே நன்று. ஆனால் அவசரம் கூடாது. “சோதனை ‘உண்டு’ என்றால் இக்கோப்பைச் சேர்” என்ற வரி புரோகிராமுக்குள் எங்கேனும் எஞ்சியிருக்கலாம். அப்போது சோதனையை மட்டும் எடுத்தால், இருக்கும் கோப்பும் சேராமல் போகும். எனவே எவர், எதற்காக அதை வைத்தார் என்று பழைய குறிப்புகளைப் பார்த்து, அதை நம்பிய வரிகளையும் திருத்தி, பிறகே நீக்க வேண்டும். எஞ்சிய சோதனைகளுள் காவலுக்குரிய ஒன்று தவறினால், வேலை அங்கேயே நின்று உரக்கக் கூவ வேண்டும்.

கூரையைச் சோதிப்பதை விட்ட உபாத்தியாயருக்கு, எந்தப் பிள்ளை இன்று வரவில்லை என்று பார்க்க அவகாசம் கிடைக்குமல்லவா?