நிரை பிரித்தவர் யார்?

"பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்பது நம்மிடையே நெடுங்காலமாக உலவிவரும் பேச்சு. பல்கலைக்கழகத்தில் இரு பெண் விரிவுரையாளர்களுக்கு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே இந்தப் பேச்சு எழுந்துவிடும். இரு ஆண் விரிவுரையாளர்கள் மோதிக்கொண்டால் மட்டும் அதற்குப் பெயர் 'கருத்து வேறுபாடு'! இது என்ன நியாயம்?

பெண்களுக்குள் பிணக்கே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. டச்சு உளவியல் பேராசிரியை நவோமி எல்லெமர்ஸ் குழுவினர் நெதர்லாந்திலும் இத்தாலியிலும் ஆய்வு செய்து 2004இல் வெளியிட்டனர். ஆய்வு மாணவியரின் ஈடுபாடு மாணவர்களுடையதற்குச் சற்றும் குறையவில்லை. ஆனாலும், மூத்த பெண் பேராசிரியர்கள் அவர்களைக் குறைத்தே மதிப்பிட்டனர். இந்த மூத்தவர்கள் யார்? பெண்களுக்கு இடமே அரிதாக இருந்த காலத்தில் தனியாகப் போராடி மேலே வந்தவர்கள். "நான் மற்ற பெண்களைப் போன்றவள் அல்லள்" என்று காட்டினால்தான் நாற்காலி கிடைக்கும் எனும் பாடத்தை அவர்களுக்குக் கற்பித்தது எது?

நான் ரிங்லெட் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொழுந்தெடுத்த பாட்டிமார் நிரைக்காகச் சண்டையிட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். நல்ல நிரை கிடைத்தவளை மற்றவள் ஏசுவாள். நிரை பிரித்துக் கொடுத்த கங்காணியை எவரும் ஏசமாட்டார்கள். பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். ஆய்வு நிதியையும் பதவி உயர்வையும் வகுப்பு நேரத்தையும் பங்கிடும் இடத்தில் பெண்ணுக்கு ஒரே நாற்காலி என்றால், பக்கத்தில் இருப்பவள் போட்டியாளராகத்தான் தெரிவாள். நம் நாட்டில் ஒரு பெண் முதன்முதலாகத் துணைவேந்தரானதே 2006இல்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ரஃபியா சாலிம் அப்பொறுப்பை ஏற்றார்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் எனும் உயிரியல் பேராசிரியை, அளவுநாடாவை எடுத்து ஆய்வுக்கூடங்களை அளந்தார். ஆண்களைவிடத் தமக்கு இடம் குறைவு என்று கண்டார். அதுவரை அங்கிருந்த பெண்கள் ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே இக்குறை என்று எண்ணியிருந்தனர். பேசிப் பார்த்தபோது உண்மை விளங்கியது. 1994இல் 16 பெண் பேராசிரியர்கள் ஒன்றுசேர்ந்து புல முதல்வரிடம் முறையிட்டனர். பாகுபாடு இருந்ததை 1999இல் நிர்வாகமே ஒப்புக்கொண்டது.

நாளை விரிவுரையாளர்களாகப் போகும் தோழியரே! சக பெண்ணின் மேல் சினம் வரும்போது, பங்கிட்டவர் யார், எந்த அளவுகோலில் பங்கிட்டார் என்று முதலில் கேளுங்கள். யாருக்கு எவ்வளவு நிதி, எத்தனை மணி நேர வகுப்பு என்ற கணக்கை எல்லார் பார்வைக்கும் வைக்கச் சொல்லுங்கள். தோழர்களே, அந்தப் பழம்பேச்சைச் சொல்லிச் சிரிப்பதை நீங்களும் நிறுத்துங்கள். கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் பிணக்கில் பாதி தீரும். மீதியைப் பேசித் தீர்த்துக்கொள்ள நம் பெண்களுக்குத் தெரியும்.