சினை மாட்டுக்குக் கால்சியம் டானிக்: தவறான நேரத்து மருந்து

கன்று ஈனுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே கால்சியம் டானிக் புகட்டினால் பால்காய்ச்சல் எட்டிப் பார்க்காது என்பது கறவை மாடு வளர்ப்பவர்களிடம் வேரூன்றிய நம்பிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குறைவதால் வரும் நோய்க்குக் கூட்டிக் கொடுப்பதுதானே மருந்து? மாட்டின் உடல் இந்தக் கணக்குப்படி நடப்பதில்லை. மாட்டை நோயின் பக்கம் தள்ளுவதே பல நேரங்களில் அந்த டானிக்தான்.

கால்சியம் கையிருப்பு இல்லாமல் எந்த மாடும் படுத்துவிடுவதில்லை. வளர்ந்த பசுவின் எலும்புகளில் 7 முதல் 8 கிலோ வரை கால்சியம் கிடக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஓடுவதோ சுமார் 3 கிராம். 10 லிட்டர் சீம்பால் கறந்தால் 20 கிராமுக்கு மேல் மடி வழியே போய்விடும். எலும்பில் இருப்பதை எவ்வளவு வேகமாக இரத்தத்துக்குக் கொண்டுவர முடிகிறது என்பதில்தான் மாட்டின் பிழைப்பு இருக்கிறது.

அந்த வேகம் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் கையில். இரத்தக் கால்சியம் சற்றே இறங்கினாலும் அதன் ஹார்மோன் சுரந்து, சிறுநீரில் போவதைத் தடுக்கும், எலும்பிலிருந்து கரைத்தெடுக்கும், சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவுக்கு மாற்றிக் குடலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். சிறுநீர்வழிச் சேமிப்பு உடனே நடந்தாலும் மிஞ்சுவது சொற்பம். எலும்பும் குடலும் முழுவீச்சுக்கு வர ஓரிரு நாளாவது ஆகும். தினமும் தேவைக்கு மேல் கால்சியம் வந்துகொண்டிருந்தால் இந்தச் சுரப்பிக்கு வேலையே இருக்காது. போதாக்குறைக்கு, ஈனும் வேளையில் உச்சத்துக்கு ஏறும் ஈஸ்ட்ரோஜன் எலும்புக் கரைவை மட்டுப்படுத்துகிறது. விளைவாக, 100 மி.லி. இரத்தநீரில் 9 முதல் 10 மி.கி. வரை இருக்க வேண்டிய கால்சியம் 5-க்கும் கீழே சரிகிறது. காது சில்லிட்டு, மூக்கு வறண்டு, தலையை விலாப்பக்கம் மடித்து மாடு படுத்துவிடுகிறது. 8-க்குக் கீழே இறங்கியும் வெளியே காட்டிக்கொள்ளாத மாடுகள் இவற்றைவிட அதிகம். நஞ்சுக்கொடி தங்குவதும் கருப்பை நோயும் அவற்றுக்கு எளிதில் வரும்.

இது நேற்றுக் கண்ட செய்தியும் அல்ல. ஈனும் முன் கால்சியம் குறைந்த தீவனம் கொடுத்தால் பால்காய்ச்சல் குறைகிறது என்று போடா, கோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1954-லேயே எழுதிவிட்டார்கள். எழுபது ஆண்டு கடந்தும் டானிக் புட்டிதான் முன்னால் நிற்கிறது. காரணம், அது “பலித்ததாக”ச் சொல்ல எப்போதும் ஆள் இருக்கிறது. முதல் ஈத்துக் கிடேரிக்கு இந்நோய் அரிது. மூன்றாம் ஈத்துக்குப் பிறகுதான், அதிலும் ஜெர்சி இரத்தம் கலந்த மாடுகளில்தான், மிகுதி. வராத மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, வரவில்லை என்று மெச்சிக்கொள்வது எளிது.

கால்சியத்தைக் குறைத்தால் மட்டும் போதும் என்பதும் அரைகுறைதான். 1984-இல் கனடாவில் பிளாக் நடத்திய சோதனையில், குளோரைடு, சல்பேட் உப்புகள் மேலோங்கிய தீவனம் தின்ற பசுக்களில் ஒன்றுக்குக்கூட பால்காய்ச்சல் வரவில்லை. சோடியமும் பொட்டாசியமும் மேலோங்கிய தீவனம் தின்றவற்றில் ஏறக்குறைய பாதிக்கு வந்தது. பொட்டாசியம் மிகுந்தால் இரத்தம் காரத்தன்மைக்குச் சாய்ந்து, பாராதைராய்டு ஹார்மோன் தட்டினாலும் எலும்பும் சிறுநீரகமும் கதவைத் திறப்பதில்லை. மக்னீசியம் குறைந்தாலும் இதே கதிதான்.

ஆகவே கடைசி மூன்று வாரம் டானிக்கை நிறுத்திவிட்டு, கால்சியமும் பொட்டாசியமும் மிகுந்த குதிரைமசாலையும், உரம் குவித்து வளர்த்த கம்பு நேப்பியரையும் குறைத்து வைக்கோலைக் கூட்ட வேண்டும். மக்னீசியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அமில உப்புகளைக் கால்நடை மருத்துவரின் அளவுப்படி சேர்த்து, சிறுநீரின் அமிலத்தன்மையைச் சோதித்துக்கொண்டால் இன்னும் பலன் உண்டு. வாய்வழிக் கால்சியத்துக்கு உரிய நேரம் கன்று விழுந்த உடனும் அடுத்த நாளும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். மருத்துவர் வந்து இரத்தக் குழாயில் மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.