மணி அடித்தால் போதுமா?

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போதெல்லாம், பிள்ளைகளின் உடல்நலம் குறித்த அறிவுரைகள் பெற்றோரை நோக்கியே பொழியப்படுகின்றன. இராயப்பேட்டையை ஒட்டிய ஆயிரம் விளக்கின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, அங்குள்ள தன் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பசித்த பிள்ளையின் பொறுப்பை ஊர் ஏற்றது. 1956இன் மதிய உணவும் 1982இன் சத்துணவும் 2022இன் காலை உணவும் அந்த ஓரணாவின் வாரிசுகளே.

2025இல் தமிழகப் பள்ளிகளில் தண்ணீர் அருந்த நினைவூட்டும் மணி வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் கழிப்பறைக்கு அஞ்சியே பெண்பிள்ளைகள் பலர் மாலைவரை தண்ணீர் குடிப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவர். சிறுநீரை அடக்கிப் பழகும் உடலுக்குத் தொற்று எளிதில் வரும். அறிவுரை அதற்கு மருந்தாகாது. குழாயில் நீரும் கதவில் தாழ்ப்பாளும் இல்லாத இடத்தில் மணியோசைக்கு என்ன பொருள்?

உணவுக்குச் சமையலர் இருப்பதுபோல், கழிப்பறைக்கு முறையான ஊதியத்துடன் முழுநேரத் தூய்மைப் பணியாளர் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும். அன்று ஓரணாவுக்கு மனம் வந்த நகரம் இன்று இதற்கும் மனம் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.